கோழிகள் உட்பட

ஐந்து கோழிக்கும் ஆப்பிள் பேர் வைத்தது லெய்டன்.
ஜொனாதன், ஸ்டர்மர், காக்ஸ், கிரேவென்ஸ்டீன்,
கடைசியாக டெமாக்ரட்.
கறுப்பென்றும் சொல்ல முடியாத சிவப்பென்றும் சொல்ல முடியாத
ஒரு பிடிவாத நிறம் அவள்.
பேர் வைத்தவன் ஹோபார்ட்டுக்குப் போய்
பதினோரு மாதம் ஆகிறது.

ஜூன் மாதம்.
ஹுவான் ஆற்றோரப் புல்
காலடியில் கண்ணாடியாய் நொறுங்கும் காலை.
நேற்று நான் திணித்த வைக்கோல் முழுதும்
கொட்டகைத் தரையில் கிடக்கிறது.
முட்டையிட வைத்த பழப்பெட்டிக்குள்
மொட்டைப் பலகை.
பலகைமேல் ஒரு முட்டை,
நெற்றியில் விரிசலோடு.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது, சரி.
முட்டைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

மரச்சீவல் போட்டேன். இரண்டு நாள் தாங்கியது.
ரப்பர் விரிப்பு போட்டேன்.
அதைப் புரட்டி
அதன் அடியில் இட்டாள்.
பழைய கம்பளத்தை வெட்டிப் போட்டேன்,
நூல் நூலாய்ப் பிரித்து
ஒரு நூலை விழுங்கியும் விட்டாள்.
அன்று ராத்திரி எனக்குத்தான் தூக்கமில்லை.

வாசலில் குறுக்குப் பலகை அடித்தேன், நாலு விரல் உயரம்.
'ஆறு அங்குலம் வேணும்' என்றான்
பக்கத்துத் தோட்டத்து வீபே,
செர்ரிக் கிளையை நறுக்கிக்கொண்டே,
ஏணியை விட்டு இறங்காமலே.
ஆறு அங்குலம் அடித்தேன்.
டெமாக்ரட் அதன்மேல் ஏறி நின்று
அங்கிருந்து வீசினாள்.

பிறகுதான் காகிதம்.
கவுன்சில் ஆபீஸில் என் நாற்காலிக்குப் பின்னால்
தாள் அரைக்கும் மெஷின்,
வியாழன்தோறும் ஒரு மூட்டை தரும்.
வீட்டுவரி நோட்டீஸ், நாய் லைசென்ஸ்,
மரம் வெட்ட அனுமதி கேட்டவர் கடிதம்,
முடியாது என்று நான் எழுதிய பதிலின் நகல்.
ஐந்து மணிக்குமேல், எல்லோரும் போனபின்,
என் பையிலிருந்து ஒன்றையும் போட்டேன்.
லெய்டனின் வக்கீல் அனுப்பியது.
வீடு, கார், கொட்டகை,
'கோழிகள் உட்பட' சரிபாதி என்று இருந்தது.
மெஷின் முகவரி பார்ப்பதில்லை.
நாய் லைசென்ஸுக்குப் போட்ட அதே சத்தம்தான்
அதற்கும் போட்டது.

மறுநாள் கொட்டகையெல்லாம் காகிதப் பனி.
ஈர முட்டையில் ஒரு கீற்று ஒட்டியிருந்தது:
ஒரு ஏழு, ஒரு கமா, பாதி சுழி.
வீட்டின் விலையாக இருக்கலாம்.
யாரோ ஒருவர் நாயின் எண்ணாகவும் இருக்கலாம்.
கழுவிவிட்டுப் பொரித்துத் தின்றேன்.

சனிக்கிழமை வேலையில்லை.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பார்த்தேன்,
கையில் ஆறிப்போன காப்பி.
உள்ளே போனாள். கிளறினாள். ஒரு சுற்று.
மறுபடி கிளறினாள்.
பலகை தெரியும் வரைக்கும் அவள் ஓயவில்லை.
பின் அடங்கி உட்கார்ந்து
கழுத்தை வெளியே நீட்டி,
தான் தள்ளியதிலேயே ஒரு துரும்பைக் கொத்தி எடுத்து
தன் முதுகின்மேல் போட்டுக்கொண்டாள்.
இன்னொன்று.
ஒன்றைப் பார்த்து, வேண்டாமென்று விட்டு,
அதன் பக்கத்தில் கிடந்ததை எடுத்தாள்.
நாற்பது நிமிஷம்.
என் முட்டி மரத்துப்போனது.

இப்போது நான் பெட்டியை நிரப்புவதில்லை.
அடியில் கொஞ்சம் தூவிவிட்டு
கழுத்துக்கு எட்டும் தூரத்தில் ஒரு கை வைக்கோலை
வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.
வாரத்தில் நாலு நாள் முட்டை முழுசாய்க் கிடைக்கிறது.
மீதி நாளுக்கு ஆம்லெட்.
கிரேவென்ஸ்டீனும் இப்போது
எட்டி உதைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நேற்றுத் தபாலில்
அந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதி வந்தது.
நல்ல தடித்த தாள்.
சமையல் மேஜையில் கிடக்கிறது,
என் கைக்கு எட்டும் தூரத்தில்.