கொக்கி

ஐந்தரை மணி. வெறும் வயிறு.
பழுப்புக் குப்பியைக் கவிழ்த்தால்
உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு.
நூறு மைக்ரோகிராம்.
கழுத்திலிருந்து வெட்டி எடுத்ததை
பதினான்கு வருடமாய்
தண்ணீரில் விழுங்கி வருகிறேன்.

வீடு வீடாய் மீட்டர் பார்ப்பது என் வேலை.
செல்லூர் தொடங்கி மீனாட்சிபுரம் வரை
யார் வீட்டில் ஏசி, யார் வீட்டில் ஒற்றை பல்பு
எல்லாம் எனக்குத் தெரியும்.
மாசி மாதம் ஒரு நாள்
இருட்டறையில் பசை தடவி
வேறொருத்தி என்னை அளந்தாள்.
இடது மார்பு, பத்து மணித் திசை,
ஒன்றரை சென்டிமீட்டர்.

ஊசி குத்திப் பார்த்ததில்
ஹார்மோன் ஏற்பி உண்டு என்று வந்தது.
கோரிப்பாளையத்து ஆஸ்பத்திரியில்
டாக்டர் பெனாசிரிடம் கேட்டேன்:
நான் போடும் மாத்திரையும் ஹார்மோன்தானே,
அதையும் இது தின்னுமா?

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
"லேப் தட்டில் வைத்த செல்
தைராக்சினைக் கண்டால் பெருகுதுன்னு எழுதியிருக்காங்க.
தட்டு வேற, மனுஷி வேற.
ஆளுகளைக் கணக்கெடுத்தா
ஒரு கணக்கு ஆமாங்குது, இன்னொண்ணு இல்லைங்குது.
மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க."

முதல் இரண்டு வரிதான்
என் காதில் விழுந்தது.

இருபத்தாறு நாள்
பொட்டுகள் வாஷ்பேசினில் கரைந்தன.
தின்னக் கொடுக்காவிட்டால் செத்துப்போகும் என்று நினைத்தேன்,
எலியை நினைப்பதுபோல.

கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் போட்ட
ஒரே அரசு ஊழியர் நான்தான்.
குரல் கட்டை குரலானது.
குதிகால் பாளம் பாளமாய் வெடித்தது.
இரண்டாம் மாடி மீட்டருக்கு ஏற
மூன்று தடவை உட்கார்ந்தேன்.
4187-ஐ 7187 என்று பதிந்து
சவுராஷ்டிரத் தெரு முழுக்க என்னைத் திட்டியது.
திட்டு கூட
தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது.

ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை.
டி.எஸ்.எச். எழுபத்திரண்டு.
மயக்க டாக்டர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.
"இந்த நிலைமையில தூங்க வச்சா
எழுப்புறது கஷ்டம்மா."
தேதி தள்ளிப்போனது.
அதாவது, நான் பட்டினி போட்டதற்கு
இன்னும் ஒன்றரை மாதம்
சும்மா தங்க இடம் கொடுத்தேன்.

பெனாசிர் கத்தவில்லை.
கத்தியிருக்கலாம்.

அந்த வாரம் கூடல்நகரில்
ஒரு காதுகுத்துக்கு சீரியல் லைட் போட
தெருக் கம்பியில் கொக்கி மாட்டியிருந்தார்கள்.
லைன்மேன் ஒச்சப்பன் நீளக் கோலோடு ஏறினார்.
கீழே நின்று கேட்டேன்:
ட்ரான்ஸ்பார்மரை ஆஃப் பண்ணினால் போதாதா?
"பண்ணலாம்க்கா. பச்சைக் கேட்டு வீட்ல
ஆக்சிஜன் மெஷின் ஓடுது."
கொக்கியை மட்டும் தூக்கி எறிந்தார்.
சீரியல் லைட் அணைந்தது,
தெருவிளக்கு எரிந்தது,
காதுகுத்து வீட்டார் அவரை
பிறந்த நாள் முதல் திட்டினார்கள்.

நாளை மறுநாள் அட்மிஷன்.
எனக்கு இன்னமும் தெரியாது.
இந்த நூறில் இதயத்துக்கு எவ்வளவு,
குதிகாலுக்கு எவ்வளவு,
பத்து மணித் திசைக்கு ஏதாவது போகிறதா என்று.
அதை அளக்கும் மீட்டர்
எங்கள் வாரியத்திலும் இல்லை
அவர்கள் ஆஸ்பத்திரியிலும் இல்லை.

ஐந்தரை மணி.
குப்பியைக் கவிழ்க்கிறேன்.
முழுங்கிவிட்டு ஜன்னலோரம் நிற்கிறேன்.
எதிர்வீட்டில் டிகாஷன் வாசனை.
எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.