காலணி மாற்றும் நேரம்

நான்காம் படுக்கைக்காரருக்கு
அன்றிரவு இன்சுலின் இரண்டு முறை போயிற்று.
போட்டுவிட்டுப் போனவள் ஒருத்தி,
போட்டாயிற்று என்று யாரும் சொல்லாததால்
மறுபடி போட்டவள் இன்னொருத்தி.
பிழைத்துக்கொண்டார்.
மறுநாள் சர்க்கரைக் கட்டியைக் கடித்தபடி
"குதிரைக்குத் தருவது போலத் தருகிறீர்கள்" என்றார்.
அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு வரவில்லை.

நரின் நகர மருத்துவமனைக்கு
நான் இயக்குநராகி அப்போது ஐந்து மாதம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.

ஆணை எழுதினேன்.
இனிமேல் பணி ஒப்படைப்பு
நோயாளியின் தலைமாட்டில், காலை ஏழு மணிக்கு.
கையொப்பம், முத்திரை,
பலகையில் நான்கு மூலைக்கும் நான்கு குண்டூசி.
தலைநகரிலிருந்து இருவரை வரவழைத்தேன்;
திரையில் அம்புக்குறிகள் காட்டினார்கள்.
செவிலியர் தலையசைத்தார்கள்.
அப்படி ஒரு தலையசைப்பு இருக்கிறது:
காற்றுக்குப் புல் அசைவது போல.
காற்று போனதும்
புல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாம் ஆணையில் குரலை உயர்த்தினேன்.
மூன்றாவதில் சம்பளத்தைத் தொட்டேன்.
(இதை எழுதவே கூசுகிறது.)
கனிகேய், மூத்த செவிலி,
மூன்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
ஒன்று மட்டும் கேட்டாள்:
"நீங்கள் எந்த வண்டியில் வருகிறீர்கள், டாக்டர்?"

எனக்கு ஒரு கார் உண்டு.
அதற்கு ஓர் ஓட்டுநர் உண்டு.
அவர் காலையிலேயே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருப்பார்.

திங்கட்கிழமை
ஆற்றுக்கு அப்பாலுள்ள குடியிருப்பில்
இருட்டில் போய் நின்றேன்.
முதல் சிற்றுந்து ஆறே முக்காலுக்கு.
பன்னிரண்டு இருக்கை, இருபத்தோரு பேர்.
என் மடியில் யாருடைய பையோ,
பைக்குள் இன்னும் சூடாறாத ரொட்டி.
பாலத்தில் பனி இறுகியிருந்தது;
ஓட்டுநர் ஜூமாகாதிர் இறங்கி
சாம்பலைத் தூவிவிட்டு ஏறினார்.
மருத்துவமனை வாசலில் இறங்கும்போது ஏழு பன்னிரண்டு.

மாடிப்படியில் பார்த்தேன்.
பகல்காரி பூட்ஸைக் கழற்றுகிறாள்,
இரவுக்காரி பூட்ஸை மாட்டுகிறாள்.
அதே வண்டி திரும்பிப் போகும்;
தவறவிட்டால் அடுத்தது எட்டேகாலுக்கு,
வீட்டில் பள்ளிக்குக் கிளம்பாத பிள்ளை.
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே,
அந்த ஒன்றரை நிமிடத்தில்
முப்பத்தொரு உயிர்கள் கைமாறின.
தேநீர் அறைகூட இல்லை.
தேநீர் அறை என்பது என் கற்பனை.

எதிர்ப்பு என்று ஐந்து மாதம்
நான் பெயர் வைத்திருந்தது
ஒரு சிற்றுந்துக்கு.

பலகைக்குப் போய் மூன்றையும் நானே பிடுங்கினேன்.
குண்டூசிகள் மட்டும் உதவும் என்று
துப்புரவு செய்யும் துர்சுன் வாங்கிக்கொண்டாள்.
பணி மாற்றம் ஏழரைக்கு.
ஜூமாகாதிரிடம் பேச நான்கு நாள் பிடித்தது,
எட்டு மணிவரை வாசலில் நிற்க ஒப்புக்கொண்டார்,
டீசல் எங்கள் கணக்கில்.
என் ஏழரை மணிக் கூட்டத்தை
எட்டரைக்குத் தள்ளினேன்.
அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் முறைத்தார்கள்,
இன்னும் முறைக்கிறார்கள்.
எலும்புப் பிரிவில் இன்றும் படிக்கட்டில்தான் நடக்கிறது.
ஏன் என்று தெரியவில்லை.
நாளை அங்கே போய் நிற்க வேண்டும்,
வாயை மூடிக்கொண்டு.

இன்று காலை பெண்கள் பிரிவில்
கனிகேய் அடுத்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:
"ஆறாம் படுக்கை, காய்ச்சல் இறங்கிவிட்டது,
மாத்திரை ஆறு மணிக்குக் கொடுத்தாயிற்று."
போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.
"ஐந்தரைக்கு" என்றது போர்வை.
"நான் விழித்துத்தான் இருந்தேன்."

கனிகேய் பேனாவை எடுத்து
ஆறை அடித்தாள்.