பூந்தொட்டிக்கு அப்பால்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
உரக்கடை மாடியில்
பத்து நாற்காலி, ஏழு பேர்.
வெளியே ஐப்பசி கொட்டிக்கொண்டிருந்தது.
சவுரிராஜன் புது வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்;
அதன் மடிப்பு
எல்லார் முகத்திலும் குறுக்கே ஓடியது.

படத்துக்குப் பெயர் இல்லை.
முதல் ரீல் எந்தக் கிடங்கிலோ புளித்து வழிந்துவிட்டதாம்.
மிச்ச ஒன்பதும் பென்டிரைவில் வந்திருந்தன.
நாற்பது பாட்டு கேட்ட காலத்தில்
இதில் ஆறே பாட்டு.
"அதான் ஓடலை" என்றார், தானே நஷ்டப்பட்டவர் போல.

கதை சின்னது.
கடன்பட்ட குமாஸ்தா, அவன் மனைவி,
கூடத்து நடுவில் ஒரு பூந்தொட்டி.
மைக்கை அதற்குள் ஒளித்திருக்கிறார்கள்.
ஆகவே எல்லாரும் தொட்டியண்டை வந்தே சண்டை போடுகிறார்கள்.
வட்டிக்காரர் குரோட்டன்ஸைப் பார்த்து மிரட்டுகிறார்.
வீட்டைவிட்டுப் போகிறவனும்
வாசல்வரை போய், நினைவு வந்து, திரும்பி,
"போகிறேன்" என்று செடியிடம் சொல்லிவிட்டுப் போகிறான்.
சிரித்தோம். ஜெகபர் அண்ணனுக்குப் புரையேறியது.

ஏழாம் ரீலில் அவன் திரும்பி வருகிறான்.
அவள் தொட்டியிடம் வரவில்லை.
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
முதுகு காட்டி
ஒரே ஒரு வார்த்தை.
எண்ணெய் காய்கிற இரைச்சலுக்கு அடியில்
எங்கோ கிடக்கிறது அது.

"உட்காருங்க"ன்னா, என்றார் சவுரிராஜன்.
"போயிடுங்க. முதுகைப் பார்த்தாலே தெரியலையா?"
இது தையல்நாயகி டீச்சர்.
பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்றார் ஜெகபர் அண்ணன்.
அந்தக் காலத்திலா!
அந்தக் காலத்தில்தான், என்றார்.

நெல் கொள்முதல் நிலையத்தில் எடை எழுதுகிறவள் நான்.
ஈரப்பதம் பத்தொன்பது, எடுக்க முடியாது என்றால்
"சரிங்க" என்பார்கள்.
பாதி சரிங்கவில் ஆள் உடைந்திருப்பான்,
பாதியில் என்னை வெட்டியிருப்பான்.
எனக்கு அது "சரிங்க" என்றே கேட்டது.
சொல்லவில்லை.

பின்னால் ஓட்டிப் போட்டோம்.
மூன்றாம் தடவை
சரியாக அந்த இடத்தில் மன்னை எக்ஸ்பிரஸ் ஊளையிட்டது.

"ஒன்ஸ் மோர், தொட்டிகிட்ட வாம்மா" என்று
அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.
பிலிம் தீர்ந்திருக்கும்.
சாப்பாட்டு மணி அடித்திருக்கும்.
இல்லை, பெயர் தெரியாத ஒலிப்பதிவுக்காரர்
காதிலிருந்ததைக் கழற்றிவைத்துவிட்டு
சும்மா அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.
அவருக்கு என் வணக்கம்.

கீழே கேட் மூடியிருந்தது.
மழையில் நெல் மூட்டையோடு கூட்ஸ் வண்டி,
முப்பத்தெட்டு வேகன்வரை எண்ணினேன்.
நடுவில் டீச்சர்
தண்டவாளத்தைப் பார்த்தபடி என்னவோ சொன்னார்.
காதில் விழவில்லை.
என்ன என்று கேட்கவும் இல்லை.