ஏழாவது பூச்சி

கல்லாறு சோதனைச்சாவடியில்
தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
ரோவன் அதற்காகக் குன்னூர் வரை அழுதான்.
ஜெனிட்டா அழவில்லை. அவள் மடியில்
நாற்பது பக்க நோட்டு, பென்சில்,
மூடியில் ஓட்டை போட்ட ஊறுகாய் ஜாடி.

ஊட்டித் தோட்டத்துப் பூக்களைப் பற்றி
நான் சொல்ல ஒன்றுமில்லை.
எல்லாரும் படம் எடுத்தாயிற்று.
செலின் டாலியா முன்னால் நின்றாள்,
ஸ்வெட்டர் போட்டு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று.
மகள் மட்டும் எல்லாருக்கும் முதுகு காட்டி
இலைகளின் அடிப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று, தேனீ.
இரண்டு, தேனீ வேஷம் போட்ட ஈ.
காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல
அப்படியே நின்றது.
மூன்று, குளத்தோரத் தும்பி.
ரோவனின் தொப்பியில் வந்து உட்கார,
அவன் மூச்சைப் பிடித்துச் சிலையானான்.
அன்று முழுக்க அவன் சும்மா இருந்தது
அந்த அரை நிமிடம்தான்.
நான்கு, கும்பிடுபூச்சி.
செலின் அதற்குத் திருப்பிக் கும்பிட்டாள்.
ஐந்தும் ஆறும் எறும்பு.
"ரெண்டும் வேற வேற கட்சி."

"அப்பா, இது?" என்று கேட்டபோதெல்லாம் சொன்னேன்.
பதினாறு வருடம், மேட்டுப்பாளையத்தில்
பூச்சிமருந்துக் கடை.
அசுவினி, இலைப்பேன், தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி,
எல்லாம் என் கல்லாவுக்கு வந்துபோன பேர்கள்.
ஆனால் என்னிடம் வந்தது
பாலிதீன் பையில் வாடிய இலையாக,
டேங்குக்கு எத்தனை மில்லி என்ற கேள்வியாக.
உயிரோடு ஒன்று தன் வேலையைப் பார்ப்பதை
இத்தனை நேரம் நின்று பார்த்ததில்லை.

ரோஜா மொட்டில் அசுவினி அப்பிக் கிடந்தது.
நடுவே கறுப்பாய், முள்ளு முள்ளாய்,
முதுகில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஒரு புழு.
"ஏழு" என்று பென்சிலை அவள் நாக்கில் தொடுவதற்குள்
என் கட்டைவிரல் போய்விட்டது.
யோசித்துச் செய்ததில்லை.
கடைக்கார விரல்.

மஞ்சளாய்க் கசிந்தது. கசப்பு வாடை.
அப்போதுதான் உறைத்தது.
கம்பெனிக்காரன் கொடுத்த படம் ஒன்று
கடைச் சுவரில் இருக்கிறது, காலண்டருக்குப் பின்னால்:
நன்மை செய்யும் பூச்சிகள்.
மேல் வரிசையில் மூன்றாவது, பொறிவண்டின் புழு.
விட்டிருந்தால் அந்த மொட்டை
அதுவே துடைத்து வைத்திருக்கும்,
பைசா வாங்காமல், பில் கேட்காமல்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
விரலைப் பார்த்தாள்.
குனிந்து எழுதினாள்:
ஏழு. அப்பா நசுக்கியது. பேர் தெரியவில்லை.

பேரைச் சொல்லியிருக்கலாம்.
கல்லாய்ப் போன மரத்தைச் சுற்றி வந்தோமே,
இத்தனை கோடி வருடம் என்று பலகை படித்தோமே,
அப்போதாவது.
ஐஸ்கிரீமுக்குச் சில்லறை தேடும் சாக்கில்
விரலைப் பேன்ட் பையிலேயே வைத்திருந்தேன்.

இறங்கும் வழியில், பர்லியாரில், மங்குஸ்தான் வாங்கினோம்.
தோல் சாறு பட்டு எல்லார் விரலும் கறையானது.
என் கறைக்கு அடியில் இன்னொன்று இருப்பது
எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

"மொத்தம் இருபத்து மூணு" என்றாள் ஜெனிட்டா.
"அந்த ஏழாவதையும் சேர்த்தா?" செலின் கேட்டாள்.
"சேர்க்காம?"

வளைவில் ஹாரன் அடித்தேன்.
எதிரே வண்டி எதுவும் வரவில்லை.