நீல வரிகள்

புறக்கோட்டையில் பேரம் பேசி
ஒன்பதாயிரத்துக்கு இறக்கிய கரோக்கிப் பெட்டி.
இரண்டு மைக். சிவப்பு நல்லது,
மற்றது கரகரக்கும்.
கரகரப்பது எப்போதும் எனக்குத்தான்.
"உங்கட குரலுக்கு வித்தியாசம் தெரியாதம்மா"
என்கிறாள் நிதுர்ஷனா.

சனி இரவு ஒன்பது,
கட்டாரில் ஆறரை.
வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை, நாலாம் மாடி.
காலிமுகத்திடலில் வாங்கிய இறால் வடை
வரும் வழியிலேயே ஆறிவிட்டது.
கதிரை காணாமல் பிள்ளைகள் தரையில்.

திரையில் எங்கள் தமிழ்
ஆங்கில எழுத்தில் ஓடுகிறது.
லகரம், ளகரம், ழகரம் மூன்றும்
ஒரே யூனிபோம் போட்டு வருகின்றன.
'வழி' என்று வர வேண்டிய இடத்திலெல்லாம்
'வலி' என்று பாடுகிறான் கவிலன்,
அதுவும் சிரித்த முகத்தோடு.
பெட்டி அவனுக்குக் கொடுத்தது தொண்ணூற்றிரண்டு.
திருத்திப் பாடிக் காட்டிய எனக்கு
அறுபத்துநாலு.

அந்த எழுத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்,
கீழ்மாடி நிலந்தி வரும்வரை.
ஒரு தமிழ்ச் சொல்லும் அறியாதவள்,
எழுத்தைப் பிடித்துக்கொண்டே
சரணம் முழுவதும் ஏறி இறங்கினாள்.
"நான் இப்ப என்ன பாடினேன்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.
முன்வீட்டு ரிஸ்வானா விளங்கப்படுத்தினாள்.
"அவ்வளவுதானா!"
இன்னொரு தரம் பாடினாள்.

சோடிப் பாட்டுத்தான் சிக்கல்.
ஆண் வரி நீலம்,
பெண் வரி ரோஸ்,
சேர்ந்து பாடுவது மஞ்சள்.
பால்மாப் பேணியில் சாய்த்து வைத்த போனுக்குள்
சுகிர்தன்,
ஆறு பேர் படுக்கும் அறையின் மேல்கட்டிலில்,
தலை கூரையில் இடிக்காமல் குனிந்தபடி.
அவர் நீலம் பாடுவார்.
அது கடல் தாண்டி வருவதற்குள்
இங்கே ரோஸ் தொடங்கியிருக்கும்.
என் வரியின் மேல் அவர் வரி விழும்.
முப்பத்தொன்று.
"நீங்க பாடுங்கோ, நான் கேட்கிறன்"
என்று ஒதுங்கிவிட்டார்.

மூன்று சனிக்கிழமை
நீல வரிகள் ஆளில்லாமல் போயின.
இசை மட்டும் ஓடும்,
எழுத்துகள் ஒவ்வொன்றாய் நிறம் மாறும்,
நாங்கள் வடையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நாலாவது சனி
கவிலன் விரலை மடக்கி மடக்கி எண்ணிவிட்டுச் சொன்னான்:
"ரெண்டு செக்கன்தான் அப்பா.
நீங்க மியூசிக்கைக் கேக்காதேங்கோ.
நான் கையைத் தூக்கினதும் பாடுங்கோ."

நீலம் வர இரண்டு செக்கன் இருக்க
கை உயர்ந்தது.
இன்னும் வந்து சேராத இசைக்கு
அங்கே ஒரு மனிதன் வாய் திறந்தான்.
எங்கள் வீட்டில்
அவர் குரல் தன் வரியின் தலையிலேயே வந்து இறங்கியது.
நான் என் முறையைத் தவறவிட்டேன்.
"அம்மா! ரோஸ்! ரோஸ்!"

கீழ்க்கட்டில் நேபாளக்காரர்
தான் கேட்டதற்குத் தாளம் போட்டார்.
அது மட்டும் பிந்தி வந்துகொண்டிருந்தது.

மஞ்சள் வரிக்கு எல்லோரும் எழும்பினோம்.
நிலந்தி, ரிஸ்வானா, அவளுடைய இரட்டைப் பெண்கள்,
கையில் மைக் இல்லாதவர்கள்தான் பெரிதாக.
அந்த நேரம் பார்த்து
பாணந்துறைக் கோச்சி
ஹோர்ன் அடித்தபடி கரையோரம் போனது.
யன்னல் அதிர்ந்தது. எவர் பாடியதும் எவருக்கும் கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டு.

தன்னுடைய புள்ளி என்றான் கவிலன்,
நிதுர்ஷனா தன்னுடையது என்றாள்.
கோச்சியினுடையது என்றேன் நான்.
சண்டையின் நடுவே போனைப் பார்த்தேன்.
கடைசி நீலத்தைப் பாடி முடித்து
அவர் எப்போதோ வாயை மூடியிருப்பார்;
அதன்பிறகுதான் அந்தச் சொல்
எங்கள் வீட்டுக்குள் ஒலித்திருக்கும்.
இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டு,
எங்கள் ஆரவாரம் தன்னிடம் வந்து சேரக்
காத்திருக்கிறார்.

வந்ததும் கேட்டார்:
"எத்தினை?"

அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.
பத்து மணி, வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார்.
கவிலனின் கை
மேலே நிற்கிறது.