எண் 23

ஓஸ்த்ராவாவில் ஜனவரி மாதம் நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
விளக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு வரைகிறேன்.
காப்புரிமைப் படத்தில் நிழல் கூடாது, நிறம் கூடாது.
கோடு கறுப்பாக, ஒரே தடிமனாக.
பகுதிக்கு ஓர் எண்.
மனிதர் யாரும் படத்துக்குள் நிற்க வேண்டாம் என்பது
முதலாளி மாதெய்கா தானாகச் சேர்த்த விதி.

இந்த வாரம் மேசையில் மூன்று.

மருத்துவமனையிலிருந்து வந்தது
தொடையெலும்புக்குள் செருகும் ஆணி.
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் தானே நீளுமாம்,
குட்டையான கால் மற்றக் காலை எட்டிப் பிடிக்கும்வரை.
வரையச் சுகமான வேலை:
திருகு 7, பற்சக்கரம் 8, காந்தம் 9.
எலும்பை மட்டும் புள்ளிக்கோட்டில் போட வேண்டும்.
எலும்பு யாருடைய கண்டுபிடிப்பும் இல்லை.

உருக்காலைக்காரர்கள் கொண்டுவந்தது எனக்குப் பிடிக்கவில்லை.
சிவந்த தகட்டின்மேல் நீரை மூடுபனியாய்த் தூவி
எண்ணி ஆறு நொடியில் ஆற்றும் முறை.
முறைக்கு ஏது முகம்?
பெட்டி, அம்புக்குறி, பெட்டி.
அத்தனை நெருப்பும் என் தாளில்
படி ஒன்று, படி இரண்டு என்று
கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, டிராம் கதவு.
ராதொவான் ஹலூஸ்கா, பணிமனையில் மின்வேலை.
கதவின் ரப்பர் விளிம்புக்குள் ஒரு காற்றுக்குழாய்;
எது நசுங்கினாலும் அழுத்தம் ஏறும், கதவு திறக்கும்.
அவ்வளவுதான்.
மாதெய்கா அதை ஒரே வாக்கியமாக்கியிருந்தார்,
‘இதன் சிறப்பு யாதெனில்’ என்று
மூச்சு விடாமல் முக்கால் பக்கம்,
கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

இப்போதிருக்கும் கதவுகளின் குறை என்ன என்று கேட்கும் இடத்தில்
ஹலூஸ்கா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்:
மெல்லிய பொருட்களை அவை உணர்வதில்லை.

“அந்தப் பொருளையும் வரைய வேண்டும்” என்றேன்.
“எண் 23. எவ்வளவு மெல்லியது?”

அவர் பேசவில்லை.
இடது கையை மேசைமேல் வைத்தார்.
சுட்டுவிரலும் நடுவிரலும் முதல் கணுவோடு நின்றிருந்தன.
பிறகு, தவறான தாளை நீட்டிவிட்டவர் போல
அதை இழுத்துக்கொண்டு வலது கையை வைத்தார்.

வெர்னியர் பிடித்து அளந்தேன்.
பதினாறு மில்லிமீட்டர்.
நடுங்கியது விரலா கருவியா, தெரியாது.

கதவிடுக்கில் புள்ளிக்கோட்டில் போட்டேன்.
முனையைக் கொஞ்சம் வளைத்தேன்.
நகம் வைக்கவில்லை,
மாதெய்கா கண்டுபிடித்துவிடுவார்.

பதினான்கு மாதம்.
ஆணிக்குக் கிடைத்தது. மூடுபனிக்கும் கிடைத்தது.
டிராம் கதவுக்கு ப்ராகிலிருந்து ஒரு கடிதம்:
புதுமை இல்லை.
காண்க: கிழக்கு ஜெர்மனி, 1961, நகல் இணைப்பு.
விண்ணப்பித்தவர் ஹெர்தா வீகான்ட், மக்டபர்க்,
தொழில்: டிராம் நடத்துநர்.
அதே ரப்பர். அதே காற்றுக்குழாய்.
நான்காம் ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதி.

ஹலூஸ்கா கத்துவார் என்று நினைத்தேன்.
எங்களுக்குக் கொடுத்தது அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம்.
நகலை ஜன்னலருகே கொண்டுபோனார்.
ஜெர்மன் தெரியாது, அதனால் எழுத்தைத் தாண்டி
நேரே உரு இரண்டுக்குப் போனார்.
அதன்மேல் விரல் வைத்தார், மீந்திருந்த பாதி விரலை.

கதவிடுக்கு. புள்ளிக்கோடு. எண் 9.
முனை வளைந்திருந்தது.
அதை வரைந்தவர் நகமும் வைத்திருந்தார்.

“யாருடையது இது?”

பட்டியலில் தேடினேன்.
9: மெல்லிய பொருள்.

மாதெய்கா பின்னாலிருந்து மேல்முறையீடு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்,
விளிம்பின் வளைவைச் சற்றே மாற்றினால்,
குழாயை இரண்டாகப் பிரித்தால் என்று.
ஹலூஸ்கா நகலை நான்காக மடித்து
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
இதற்குக் காசு உண்டா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
உண்டு. பன்னிரண்டு கொருனா.