மத்தளத்துக்கு முதுகு கொடுத்தவள்

பீல் நகரில் சனிக்கிழமை மழை.
ஸ்டேஷனுக்குப் பின்னால்
சைக்கிள் திருத்தும் கடைக்குக் கீழே ஒரு நிலவறை.
பன்னிரண்டு பிராங்க் கொடுத்தால்
மணிக்கட்டில் நத்தை முத்திரை குத்தி
செம்மஞ்சளில் இரண்டு காதடைப்பான்களும் தருகிறார்கள்.
கேட்கத்தான் வந்தோம்,
கேளாதிருக்கவும் வழி செய்திருக்கிறார்கள்.

அலீன் கூட்டி வந்தாள்.
அவளும் நானும் ஒரே பல் கிளினிக்கில்
உறிஞ்சுகுழாய் பிடிக்கிறவர்கள்.
"வாயைத் திறந்தவர்கள் சத்தமும் போடுவார்கள்,
ஒருநாளாவது வந்து பார், துளசிகா."

சனத்தை எண்ணினேன்: பத்தொன்பது.
அதில் ஐந்து பேர் பிறகு வாசிக்கப் போகிறவர்கள்.
ஒருவர், முதல் குழுவின் கிட்டார்க்காரியின் அப்பா.
மழைக்கோட்டைக் கழற்றாமல் தூணோடு நின்று
ஒவ்வொரு பாட்டு முடிவிலும்
மற்றவர்களுக்கு அரை நொடி முந்திக் கைதட்டினார்.

அந்தக் குழு தன் பெயரைச் சொல்லவே மறந்தது.
நான்கு பாட்டு, மூன்றுக்கு ஒரே தொடக்கம்.
கிட்டார்க்காரி நிமிர்ந்தது இரண்டு தரம்,
இரண்டு தரமும் கடிகாரத்தைப் பார்க்க.

இரண்டாவது குழுவின் பெயர்
தமிழில் சொன்னால் தொலைந்த சாவி.
பாடுகிற பெடியன் ஜெர்மனில் வணக்கம் சொல்லி
பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டான், எதற்கென்று விளங்கவில்லை.
முகம் பிடிபடவில்லை எனக்கு.
உச்சத்துக்குப் போய் வாயை அகலத் திறந்தான்.
கீழ்த்தாடை, இடப்பக்கம், ஆறாவது பல்:
சித்திரையில் நாங்கள் அடைத்தது!
ஊசிக்கு முன்னால் என் விரலைப் பிடித்துக்கொண்டவன்.
மைக்கைப் பிடித்திருந்ததும் அதே பிடி.
முகக்கவசம் இல்லாத என்னை
அவனுக்கு எங்கே தெரியப் போகிறது.

மூன்றாம் பாட்டில் ட்ரம்ஸ் நடக்கத் தொடங்கியது.
சீமெந்துத் தரை, மேலே சிந்திய பியர்,
கம்பளம் கொண்டுவர மறந்துவிட்டார்கள்.
ஒவ்வொரு உதைக்கும் பெரிய முரசு
ஒரு விரற்கடை முன்னுக்கு வந்தது.
அடிக்கிற பெண் ஒல்லி, முழங்கையில் பிளாஸ்டர்,
காலை நீட்டி நீட்டி
முக்காலியும் அவளுமாகப் பாட்டைத் துரத்தினாள்.
யாரோ செங்கல் தேடிப் போனார்கள்.
மேலே கடையிலிருந்து ஒரு டயர் வந்தது. உதவவில்லை.
நான் முன்வரிசையில் நின்றேன், அவ்வளவுதான் காரணம்.
என்னைப் பார்த்தாள். தாடையால் தரையைக் காட்டினாள்.
உட்கார்ந்தேன்,
முரசுக்கு முதுகைக் கொடுத்து
எதிரே இருந்த ஸ்பீக்கரில் குதிக்காலை ஊன்றி.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள்.
இதற்கு ஒரு பக்கம்தான்.
மறுபக்கம் நான்.

முதுகெலும்புக்குக் காதடைப்பான் கிடையாது.
முதல் இடி விலாவுக்குள் போய் அங்கேயே நின்றது,
இரண்டாவது வந்து அதைத் தள்ளியது.
சொற்கள் என் தலைக்கு மேலால் சனத்திடம் போயின,
எனக்குக் கிடைத்தது அத்திவாரம் மட்டும்.
பாடகன் அவசரப்படுவது தெரிந்தது,
அவள் விட்டுக்கொடுக்காததும்.
ஓரிடத்தில் வேண்டுமென்றே
அடிக்காமல் விட்டாள்.
அன்றைக்கு என்மேல் பலமாய் விழுந்தது
அந்த இல்லாத அடிதான்.

எதிரே முகங்கள்.
இந்தப் பக்கமிருந்து சனத்தைப் பார்ப்பது முதல் தடவை.
மழைக்கோட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டிருந்தார்,
மகள் அவர் தோளில் சாய்ந்து
அவருடைய பியரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.
அலீன் ஆடினாள், மோசமாக, கண்ணை மூடிக்கொண்டு.

மூன்றாவது குழு, உண்மையைச் சொன்னால், மிக நல்ல குழு.
கம்பளம் கொண்டுவந்திருந்தார்கள்.
ஒன்றும் நகரவில்லை.

படியேறும்போது ட்ரம்ஸ்காரி ஓடிவந்து
விற்காத டீஷர்ட் ஒன்றைக் கையில் திணித்தாள்.
"பெரிய அளவு மட்டும்தான் மிச்சம்."
பெயர் கேட்டாள், சொன்னேன்.
சொல்லிப் பார்த்தாள், தொடையில் தட்டியபடி:
மூன்று குறில், கடைசியில் ஒரு நெடில்.
உச்சரிப்புப் பிழை.
தாளம் சரி.

கடைசி ரயில், கிரென்ஹென் வரை.
இருக்கையில் சாயும்போதெல்லாம்
பின்னாலிருந்து யாரும் உதைக்கவில்லையே
என்றிருந்தது.